மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு கட்டுரை வகுப்பு: சட்டம் படிக்கப் போகிறவர்களுக்கு

அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளுக்கு இந்த வருஷம் மனு போடுகிறேன். அதற்கான எல்சாட் நுழைவுத் தேர்வை நானே படித்துச் சமாளித்துவிட்டேன், மாட்டிக்கொண்டது டைவர்சிட்டி ஸ்டேட்மெண்டில்தான். முக்கியக் கட்டுரை போக, விருப்பம் இருந்தால் எழுதலாம் என்று பல கல்லூரிகள் கேட்கிற ஒன்றிரண்டு பக்கம் அது. எங்கிருந்து வருகிறாய், வகுப்புக்கு எதைக் கொண்டுவருவாய் என்பதுதான் கேள்வி.

முதலில் இந்தக் கட்டுரைக்கு உதவுகிறோம் என்று இணையத்தில் பார்த்த ஓர் இடத்தில் 900 வெள்ளி (ரிங்கிட்) கட்டினேன். என்னிடம் பேசுவதற்கு முன்பே கதையை முடிவு செய்துவிட்டார்கள்: தோட்டம், லயம் (தொழிலாளர் வரிசை வீடு), வறுமை, கித்தா (ரப்பர்) மரம். அவர்கள் அனுப்பிய வரைவைப் படித்து அழுகையே வந்துவிட்டது. மரம் சீவிப் பால் எடுத்தது என் பாட்டி. நான் பிறப்பதற்குள் எங்கள் தோட்டம் முழுக்கச் செம்பனையாகிவிட்டது, அப்பா லாரி ஓட்டுகிறார். பாட்டி பட்ட கஷ்டத்தை என் கஷ்டமாக எழுதி அனுப்ப மனசு வரவில்லை.

அப்புறம்தான் எங்கள் ஊர்க் கடைவீதி மாடியில், ஓய்வு பெற்ற ஒரு டீச்சர் நடத்தும் வகுப்புக்குப் போனேன். நான்கு வகுப்பு, 160 வெள்ளி. வரைவைப் படித்துவிட்டு, "இதில் நீ கண்ணால் பார்த்தது எதும்மா?" என்று கேட்டார். ஒவ்வொரு வரியாக அடித்துக்கொண்டே போனதில் மிஞ்சியது மூன்று வரி. அதில் ஒன்று, பதினான்கு வயதில் பாட்டிக்கு மலாய் மொழிப் படிவம் நிரப்பிக் கொடுத்தது. லயத்திலேயே பிறந்த பாட்டிக்குப் பிறப்புப் பத்திரம் இல்லை, கையில் இருப்பது சிவப்பு ஐசி, அதாவது குடியுரிமை இல்லாத நிரந்தரவாசியின் அடையாள அட்டை. குடிமக்களுக்கான நீல ஐசிக்கு நான் மனு எழுதியது தெரிந்ததும் அக்கம்பக்கத்தில் ஒவ்வொருவராகத் தாள்களோடு வந்தார்கள், ஒரே ஆளின் பெயர் மூன்று தாளில் மூன்று விதமாக இருக்கும். இதெல்லாம் எழுதுகிற விஷயமா என்று நினைத்திருந்தேன். டீச்சர் இரண்டு மணி நேரம் இதைப் பற்றி மட்டுமே கேட்டார்.

நிறைய பேருக்குத் தெரியாத ஒன்றையும் அவர்தான் விளக்கினார். மாணவர் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று 2023 ஜூன் 29 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது, ஆனால் இனம் தன் வாழ்க்கையை எப்படித் தொட்டது என்று மாணவர் எழுதினால், அதை அவருடைய துணிவோடும் திறமையோடும் சேர்த்துப் பார்க்கத் தடையில்லை என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. அதனால் பல கல்லூரிகள் தலைப்பையும் கேள்வியையும் மாற்றிவிட்டன. சிறுபான்மைத் தமிழர் என்று சொல்லி நிறுத்தினால் போதாது, நீ என்ன செய்தாய் என்று வரவேண்டும். ஆறு கல்லூரிகளின் கேள்விகளையும் சுவரில் ஒட்டி வைத்துத்தான் எழுதவிட்டார், இரண்டுக்குத் தொடக்கத்தையே மாற்ற வேண்டியிருந்தது.

குறையும் உண்டு. ஞாயிறு காலை மட்டும்தான் வகுப்பு. கணினியில் திருத்த மாட்டார், கையெழுத்துத்தான், ஒரு வாரம் ஆகும். கடைசித் தேதி நெருங்கியவர்களுக்குச் சரிவராது. இணைய மனுவை நீங்களேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

போகிறவர்கள் வீட்டிலிருக்கும் பழைய தாள்களையும் எடுத்துப் போங்கள். என் கட்டுரையின் முதல் வரியை டீச்சர் பாட்டியின் மனு நகலிலிருந்துதான் எடுத்தார்.