கோழியும் பூனையும் உள்ள வீட்டுக்கு எந்த நாய்? குட்டியா, வளர்ந்ததா?

பாளையங்கோட்டைப் பக்கம் எங்கள் வீடு. புறவாசலில் 6 கோழிகள், உள்ளே 2 பூனைகள். நாய் எடுக்கக் காப்பகத்துக்குப் போனபோது கடைசியில் இரண்டில் வந்து நின்றது: 4 மாதச் சிப்பிப்பாறைக் கலப்புக் குட்டி ஒன்று, கருத்தடை செய்த 4 வயது பொட்டை நாட்டு நாய் ஒன்று. நாங்கள் கூட்டி வந்தது நாட்டு நாயை. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

சாப்பாட்டுச் செலவில் பெரிய வித்தியாசம் இல்லை. வெறிநாய்க்கடி ஊசி இரண்டுக்குமே போட வேண்டும், பூனைகளுக்கும் சேர்த்து.

குட்டி கொள்ளை அழகு, வீட்டில் பாதிப் பேர் அதன் பக்கம்தான். குட்டியிலிருந்தே வளர்த்தால் எல்லாத்தோடும் பழகிவிடும் என்றார்கள். அது பாதிதான் சரி. பிற உயிர்களோடு நாய் எளிதாக ஒட்டிப் பழகும் பருவம் ஏறக்குறைய 3 வாரத்திலிருந்து 14 வாரம் வரைதான், இந்தக் குட்டி அதைத் தாண்டிவிட்டது. அப்புறம் சிப்பிப்பாறையும் கன்னியும் நம்ம தெக்கத்திக் கரிசல் காட்டில் முயல் விரட்ட வளர்த்த இனங்கள். மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி ஓடுபவை. கோழி சிறகடித்துக்கொண்டு ஓடினால் அதன் கண்ணுக்கு அதுவும் முயல்தான், அதில் நாயின் தப்பு ஒன்றுமில்லை.

வேட்டைப் புத்தி எவ்வளவு என்பதைத்தான் நாங்கள் முக்கியமாகப் பார்த்தோம். வளர்ந்த நாயிடம் அது ஏற்கனவே உருவாகி நிற்கும், நேரில் பார்த்துவிடலாம். குட்டியிடம் இன்னும் முழுசாக வெளிப்பட்டிருக்காது. காப்பகத்தில் ஒரு பூனையைக் கூண்டில் வைத்து, நாயைக் கயிற்றில் பிடித்துத் தள்ளி நிறுத்தினார்கள். குட்டி உடம்பு விறைத்து, வாலை ஆட்டாமல், வைத்த கண் வாங்காமல் பார்த்தது, கறித்துண்டை மூக்குக்கு நேரே நீட்டியும் திரும்பவில்லை. நாட்டு நாய் பார்த்தது, மோந்தது, கூப்பிட்டதும் தலையைத் திருப்பிக் கறியை வாங்கிக்கொண்டது. அந்தத் திரும்பலுக்காகத்தான் அதை எடுத்தோம். பயந்துபோன நாயும் சாதுவாகத் தெரியும் என்பதால் வேறு வேறு நாளில் 3 தடவை போய்ப் பார்த்த பிறகுதான் முடிவு செய்தோம்.

வீட்டில் முதல் 2 வாரம் கயிற்றிலேயே இருந்தது. பூனை படுத்த துணியை நாய்க்கும் நாய் படுத்ததைப் பூனைக்கும் மாற்றிப் போட்டோம். சாப்பாடு தனித்தனி இடத்தில், பூனை ஏறித் தப்பிக்கப் பரண் எப்போதும் காலியாக. 9-ஆம் நாள் ஒரு கோழி படபடவென்று பறக்க, இவள் இரண்டு எட்டு வைத்தாள், கூப்பிட்டதும் நின்றுவிட்டாள். ஆனாலும் இன்றுவரை யாரும் இல்லாத நேரத்தில் கோழிகளோடு விடுவதில்லை.

வளர்ந்த நாயில் குறை இல்லாமல் இல்லை. விளக்குமாற்றைக் கையில் எடுத்தாலே பதுங்குகிறாள், முன்னால் என்ன பட்டாளோ. நம்மோடு இருக்கப்போகும் வருஷமும் குட்டியைவிடக் குறைவு, அதை நினைத்தால் மனசு கனக்கத்தான் செய்கிறது.

நான் பார்த்தது ஒரே ஒரு குட்டியைத்தான், அதை வைத்துச் சிப்பிப்பாறை எல்லாமே இப்படி என்று சொல்ல மாட்டேன். சித்தி வீட்டுச் சிப்பிப்பாறை, கண் திறந்த நாளிலிருந்து கூடவே வளர்ந்த பூனையோடு ஒரே சாக்கில் படுத்துக் கிடக்கும். ஆனால் தெருப்பூனையைக் கண்டால் அதே நாய் சுவர் ஏறிக் குதிக்கும்.