காசு கொடுத்து வாங்கிய கூப்பன்: காரைக்குடிப் பக்கத்துக் குடும்பங்கள் கவனத்துக்கு

பச்சை அட்டை போட்ட கூப்பன் புத்தகம் ஒன்று எங்கள் வீட்டு அலமாரியில் கிடக்கிறது. மொத்தம் இருபத்து நான்கு சீட்டு. ஏழு சீட்டைத்தான் பயன்படுத்த முடிந்தது. மூன்று காலாவதி ஆகிவிட்டது. மீதிப் பதினான்கும் செல்லாது என்று கடையிலேயே சொல்லிவிட்டார்கள். இந்தப் புத்தகத்துக்கு நான் கொடுத்த விலை 1,500 ரூபாய். குடி முழுகிப்போகும் தொகை இல்லைதான். ஆனால் எங்கள் தெருவில் மட்டும் ஒன்பது வீடுகளில் இதே புத்தகம் இருக்கிறது. கடையின் பெயரை இங்கே எழுதவில்லை, புகார் கொடுக்கப் போகிறோம் என்பதால். பெயர் தெரிந்தும் பெரிய பயன் இல்லை. நாளைக்கு வேறொரு கடை வேறொரு நிற அட்டையோடு உங்கள் வாசலுக்கு வரும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

பொங்கல் கழிந்த வாரம் இரண்டு பெண்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஊருக்கு வெளியே புதிதாகத் திறந்திருக்கும் சூப்பர் மார்க்கெட்டிலிருந்து வருவதாகச் சொன்னார்கள். "ஆச்சி, 1,500 ரூபாய்க்குப் புத்தகம். உள்ளே நூறு ரூபாய்ச் சீட்டு இருபத்து நான்கு. மாதம் இரண்டு வீதம் ஒரு வருடத்துக்கு. உங்களுக்கு 900 ரூபாய் லாபம்" என்றார்கள். நான் சீப்புச்சீடைக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். கையெல்லாம் மாவு. அதனால் புத்தகத்தின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை. ஆனால் பீரோவிலிருந்து பணம் எடுக்க மட்டும் கையைக் கழுவிக்கொண்டேன்.

இதில் எனக்குக் கூடுதல் வெட்கம் ஒன்று உண்டு. எங்கள் ஐயா, அதாவது அப்பாவின் அப்பா, ரங்கூனில் வட்டிக்கடையில் இருந்தவர். பர்மாவை விட்டு வந்த பிறகும் சாகும்வரை தினம் பேரேடு எழுதினார். வீட்டுக்குள்ளேயே கைமாற்றுக் கொடுத்தாலும் சீட்டு எழுதி வாங்கிக்கொள்வார். அவருடைய பேத்தி, முன்பின் தெரியாத கடைக்கு வட்டியில்லாமல், ஈடில்லாமல், ஒரு வருடத் தவணையில் 1,500 ரூபாய் கடன் கொடுத்திருக்கிறேன். கூப்பன் என்று பெயர் வைத்ததால் அது கடன் என்றே எனக்கு உறைக்கவில்லை.

பிப்ரவரியில் முதல் தடவை போனேன். பில் 2,340 ரூபாய். இரண்டு சீட்டையும் கிழித்து நீட்டினேன். கல்லாவில் இருந்த பையன் பணிவாகத்தான் சொன்னான்: "ஆச்சி, ஒரு சீட்டுக்கு ஆயிரம் ரூபாய்க்கு வாங்க வேண்டும். அதுவும் கூப்பனுக்கு உரிய பொருளாக இருக்க வேண்டும். உங்கள் பில்லில் 610 ரூபாய்தான் அப்படி இருக்கிறது." பின்பக்கத்தை அப்போதுதான் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெய், பால், குழந்தை உணவு, பொட்டலமாகக் கட்டித்தரும் சரக்கு, ஏற்கெனவே தள்ளுபடியில் உள்ள பொருள் ஆகியவை நீங்கலாக. அந்த மாதத்துச் சீட்டு அந்த மாதத்தோடு சரி. ஒரு பில்லுக்கு ஒரு சீட்டு.

நம் பக்கத்துச் சமையலறையை நினைத்துப் பாருங்கள். அரிசியும் பருப்பும் எண்ணெயும் போனால் என்ன மிஞ்சுகிறது? சோம்பு, மிளகு, கல்பாசி, மராட்டி மொக்கு எல்லாம் நிறுத்துப் பொட்டலம் கட்டி வாங்குவது. அதுவும் சேராது. மிஞ்சுவது சோப்பு, பற்பசை, தரை துடைக்கும் திரவம், பிஸ்கெட், நூடுல்ஸ். மாதம் இரண்டு தடவை ஆயிரம் ரூபாய்க்கு இவற்றை வாங்கித் தீர்க்க எங்கள் வீட்டில் பட்டாளமா இருக்கிறது?

ஆனாலும் விட மனமில்லை. கொடுத்த காசை எடுத்தாக வேண்டுமே. அந்த நினைப்புதான் அவர்களுடைய முதலீடு என்று இப்போது தோன்றுகிறது. மார்ச்சில் 840 ரூபாய்க்கு வந்த பில்லை ஆயிரத்துக்கு இழுக்க இரண்டு பாக்கெட் ஓட்ஸ் வாங்கினேன். கவுனி அரிசி பொங்கிச் சாப்பிடுகிற வீட்டில் ஓட்ஸ்! என் கணவர் அதைப் பார்த்துவிட்டு, "யாருக்கு உடம்பு சரியில்லை?" என்று கேட்டார். சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம்.

ஏப்ரலில் கணக்குப் போட்டேன். ஒரு மாதம் கூப்பனில் வாங்கிய பொருட்களை அப்படியே ஒரு தாளில் எழுதி, எங்கள் தெருமுனை மளிகைக்கடை அண்ணாச்சியிடம் விலை கேட்டேன். சூப்பர் மார்க்கெட் பில் 1,012 ரூபாய். கூப்பன் போக நான் கொடுத்தது 912. அண்ணாச்சி போட்ட விலை 934. அப்படியானால் 22 ரூபாய் மிச்சம் என்று முதலில் ஒரு சந்தோஷம். பிறகுதான் ஐயா நினைவு வந்தது. சீட்டு ஒன்றும் இனாமாக வரவில்லையே. 1,500 ரூபாயை 24 சீட்டுக்குப் பிரித்தால் ஒரு சீட்டின் அடக்கவிலை 62 ரூபாய் 50 காசு. அதைச் சேர்த்தால் 974 ரூபாய் 50 காசு. அண்ணாச்சி கடையைவிட 40 ரூபாய் 50 காசு கூடுதல். ஆட்டோவுக்குக் கொடுத்ததை நான் இதில் சேர்க்கவே இல்லை.

எப்படி என்றால், கூப்பனுக்கு உரிய பொருள் எல்லாவற்றையும் அவர்கள் பாக்கெட்டில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலைக்கே விற்கிறார்கள். எம்.ஆர்.பி. என்பது அதற்கு மேல் விற்கக் கூடாது என்ற எல்லை. அதற்குக் கீழே எவ்வளவுக்கு வேண்டுமானாலும் விற்கலாம். அண்ணாச்சி ஐந்து பத்து குறைத்துத்தான் எப்போதும் போடுவார். நாம் அதைத் தள்ளுபடி என்றே எண்ணுவதில்லை, அவர் சீட்டு அச்சடித்துக் கொடுக்காததால்.

இதற்கு மேல் ஒன்று நடந்தது. அதுதான் என்னை உண்மையாகவே கோபப்படுத்தியது.

மே மாதம் வாங்கிய பாத்திரம் தேய்க்கும் திரவம், 500 மில்லி பாட்டில். விலை இருக்கும் இடத்தில் சின்னதாக வெள்ளை ஸ்டிக்கர்: 125 ரூபாய். அடுப்படித் திட்டில் வைத்து வேறு எதையோ படிக்கப் போனவள், அதற்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரியைப் பார்த்தேன்: ஒரு மில்லிக்கு 0.23 ரூபாய். இப்போதெல்லாம் பாக்கெட்டில் அலகு விலையும் அச்சிட வேண்டும் என்பது விதி; ஒரு லிட்டருக்குக் குறைவானால் மில்லிக்கு, ஒரு கிலோவுக்குக் குறைவானால் கிராமுக்கு. 500ஐ 0.23ஆல் பெருக்கினால் 115. பத்து ரூபாய் எங்கிருந்து வந்தது? ஸ்டிக்கரின் ஓரத்தை ஈரத்துணியால் நனைத்து நகத்தால் சுரண்டினேன். பாதி வந்தது, பாதி கிழிந்தது. அடியில் 115 என்று கருப்பு மையில் தெளிவாக இருந்தது. விலையை மறைத்தவர்களுக்கு அலகு விலையை மறைக்கத் தோன்றவில்லை.

2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருட்கள் விதிகளின்படி, விலையைக் குறைக்க வேண்டுமானால் ஸ்டிக்கர் ஒட்டலாம். அப்போதும் பழைய விலையை மறைக்கக் கூடாது. விலையை ஏற்ற ஸ்டிக்கர் ஒட்டுவது குற்றம். தமிழ்நாட்டில் இதைக் கவனிப்பது தொழிலாளர் துறை. நான் பாட்டிலைக் கழுவாமல், காலி செய்யாமல் அப்படியே எடுத்து வைத்திருக்கிறேன். கடையில் கேட்டபோது, "கம்பெனியிலிருந்தே அப்படித்தான் வந்தது" என்றார்கள். கம்பெனி அச்சு இயந்திரத்தை விட்டுவிட்டு வெள்ளைத் துண்டில் விலை எழுதி அனுப்புமாம்.

ஜூலையில் போனபோது பெயர்ப் பலகையே மாறியிருந்தது. அதே கட்டடம், அதே தட்டுகள், கல்லாவில் அதே பையன். சீட்டை நீட்டினேன். அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "ஆச்சி, நிர்வாகம் மாறிவிட்டது. பழைய கூப்பன் எடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள்." மேலாளரைக் கூப்பிடச் சொன்னேன். வந்தவர், "பணம் வாங்கியவர்களிடம் கேளுங்கள்" என்றார். அவர்கள் எங்கே என்று கேட்டால் தெரியாது என்றார். புத்தகத்தில் இருந்த கைபேசி எண் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. முகவரி என்று அச்சிட்டிருந்தது நான் நின்றுகொண்டிருந்த அதே இடம்.

அன்று இரவு நியூஜெர்சியில் இருக்கும் என் தம்பி மகளிடம் பேசும்போது சொன்னேன். அவள் அங்கே கூப்பன் வைத்துத்தான் பாதிச் சாமான் வாங்குவாள். அவளைப் பார்த்துத்தான் எனக்கும் அந்தச் சொல்லின் மேல் மரியாதை. "அயித்தை, கூப்பனுக்கு நீங்கள் எதற்காகக் காசு கொடுத்தீர்கள்? நாங்கள் கொடுப்பதே இல்லையே" என்றாள். அங்கே பெரும்பாலும் பொருளைத் தயாரிக்கும் கம்பெனிதான் கூப்பன் வெளியிடும். கடைக்காரர் அதை வாங்கிக்கொண்டு, கம்பெனிக்கு அனுப்பி அந்தத் தொகையையும் கையாண்டதற்குச் சிறு கூலியையும் வாங்கிக்கொள்வார். ஒரு கடை மூடினால் இன்னொரு கடையில் அதே கூப்பன் செல்லும். 1887இலேயே கோக்க கோலா இப்படி இலவசச் சீட்டு கொடுத்து ஆளைப் பழக்கியதாம். என் புத்தகத்துக்குப் பின்னால் அப்படி எந்தக் கம்பெனியும் இல்லை. கடைதான் அச்சடித்தது, கடைதான் பணம் வாங்கியது, கடைதான் விதி எழுதியது. கடை போனதும் எல்லாம் போயிற்று. நம் ஊர்த் தீபாவளிப் பலகாரச் சீட்டுக்கு இது தங்கச்சி. சீட்டு பிடிப்பவர் நாம் அறிந்த முகமாவது இருக்கும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். புத்தகம் வாங்கும்போது குலுக்கலுக்கு என்று கைபேசி எண்ணை எழுதி வாங்கினார்கள். பக்கத்து வீட்டுக்கு ஒரு மாதத்தில் அழைப்பு வந்தது: குளிர்சாதனப் பெட்டி விழுந்திருக்கிறது, வரிப் பணம் 1,999 கட்டினால் அனுப்பிவிடுவோம் என்று. அவர்கள் கட்டிவிட்டார்கள். பெட்டி வரவில்லை. கடைதான் எண்ணைக் கொடுத்தது என்று நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை. பரிசுக்கு முன்பணம் கேட்டாலே அழைப்பைத் துண்டியுங்கள். கட்டிவிட்டிருந்தால் அன்றைக்கே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழைத்துச் சொல்லுங்கள். நாள் தள்ளினால் பணம் கைமாறிக்கொண்டே போய்விடும். அவர்கள் மூன்று நாள் வெட்கப்பட்டுக்கொண்டு சும்மா இருந்தார்கள்.

நாங்கள் செய்தது இவ்வளவு. 1915, தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசினேன். தமிழிலேயே பேசலாம். புகாரைப் பதிந்து எண் கொடுத்தார்கள். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்றார்கள். நமக்கு அது சிவகங்கையில் இருக்கிறது. பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது. வக்கீல் வைத்தாக வேண்டும் என்பதும் இல்லை. ஒரே குறை உள்ள பலர் ஆணையத்தின் அனுமதியோடு ஒரே புகாராகக் கொடுக்க 2019ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம் இருக்கிறது. இரண்டு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். ஸ்டிக்கர் விவகாரம் தனி. அதைத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கிறோம்.

எங்களுக்கு வந்த இடைஞ்சல் பில். ஒன்பது வீட்டில் நான்கு வீட்டாரிடம் பில்லே இல்லை. இருந்தவர்களிடமும் பாதி வெளிறிப்போய் வெள்ளைத் தாளாகக் கிடக்கிறது. சூடுபட்டு எழுத்து விழும் காகிதம் அது. ஜன்னலோரம் வைத்தால் சில மாதத்தில் ஒன்றும் இருக்காது. என்னுடையது பிழைத்தது பேரேட்டுப் பழக்கத்தால்: வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்துத் தேதி போட்டுக் கோத்துவிடுவேன். புத்தகம் வாங்கியதற்கு ரசீது கேட்காதவள் பாத்திரத் திரவத்துக்கு ஜெராக்ஸ் வைத்திருக்கிறாள் என்று என் கணவர் சிரிக்கிறார். சிரிக்கட்டும்.

அடுத்த வாரம் சிவகங்கை போகிறோம். கோட்டையூர், பள்ளத்தூர் பக்கமும் இந்தப் பச்சைப் புத்தகம் விற்றிருக்கிறார்கள் என்று கேள்வி. வைத்திருப்பவர்கள் கோபத்தில் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். அட்டையில் சிவப்பு மையில் இருக்கும் வரிசை எண் எங்களுக்கு வேண்டும். பயன்படுத்தாத சீட்டையும் தனியாகக் கிழிக்காமல் புத்தகத்தோடு வையுங்கள். யாருக்காவது ஓட்ஸ் தேவைப்பட்டால் சொல்லுங்கள், இரண்டு பாக்கெட்டும் பிரிக்காமல் இருக்கிறது.