‘எல்லாம் சேர்த்து’ என்று விற்ற கப்பல் பயணம்: பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை எம்.சி. ரோட்டுக்குத் துணி எடுக்கப் போனோம். கப்பல் பயணம் என்று சொல்லி எங்களை ஏமாற்றிய டிராவல் ஏஜென்ட் கடை வாசலில் புது பேனர் தொங்குகிறது. ‘குடும்பத்தோடு கப்பலில் 2 இரவு, எல்லாம் சேர்த்து ஒரே விலை.’ உள்ளே ஒரு தம்பதி கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தார்கள். குழந்தைக்கு நாலு மாதம்கூட இருக்காது. ஆறு மாதம் ஆகாத குழந்தையைப் பெரும்பாலான கப்பல்களில் ஏற்றவே மாட்டார்கள். அதை அவர்களிடம் யாராவது சொல்லியிருப்பார்களா? நானே சொல்லிவிடலாம் என்று படி ஏறப் போனேன். வீட்டுக்காரர் கையைப் பிடித்து இழுத்துவிட்டார். அந்தக் கடை மேல் நாம் கொடுத்த புகார் நடந்துகொண்டிருக்கும்போது கடைக்குள் போய்ச் சத்தம் போட்டால் நம் பக்கம்தான் பலவீனமாகும் என்றார். சரி, கடைக்குள் போகவில்லை. கடையின் பெயரையும் எழுதப் போவதில்லை. ஆனால் எங்களுக்கு நடந்ததை அப்படியே எழுதுகிறேன். அடுத்து அங்கே போய் உட்காரப் போகிறவர்களுக்கு இது போய்ச் சேர வேண்டும்.

நாங்கள் தண்டையார்பேட்டை. என் மாமனார் 31 வருஷம் ஹார்பரில் வேலை பார்த்தவர். சரக்குக் கப்பலில் எத்தனையோ முறை வேலையாக ஏறி இறங்கியிருக்கிறார், ஒரு ராத்திரிகூடப் பயணியாகப் படுத்ததில்லை. 2022 ஜூனில் சென்னையிலிருந்து சொகுசுக் கப்பல் கிளம்ப ஆரம்பித்ததிலிருந்தே பேப்பரில் அந்தச் செய்தி வந்தால் விடாமல் படிப்பார். போன வருஷம் என் சீட்டுப் பணம் கைக்கு வந்தபோது, மாமா, அத்தை, நாங்கள் இரண்டு பேர், எட்டாவது படிக்கும் மகள், நாலாவது படிக்கும் மகன் என்று ஆறு பேரும் ஒரு முறை போய்விட்டு வரலாம் என்று நான்தான் ஆரம்பித்தேன். சீட்டு குரூப்பில் ஒரு அக்கா இந்த ஏஜென்டைச் சொன்னார்.

கடையில் இருந்த பையன் நன்றாகப் பேசினான். “அக்கா, நீங்க ஒண்ணுமே பாக்க வேணாம். கடல் தெரியுற ரூம், ரெண்டும் பக்கத்துல பக்கத்துல. சாப்பாடு, வரி, போர்ட் சார்ஜ் எல்லாம் இதுலயே வந்துரும். நடுவுல பாண்டிச்சேரில எறக்கி ஊரு சுத்திக் காட்டுவாங்க.” ஆறு பேருக்கு 1,32,000 ரூபாய். ஜிபேயில் அனுப்பினேன். கடைப் பெயரில் கணக்கு இல்லை, அவன் சொந்த நம்பர்தான். ரசீது கேட்டதற்கு ஒரு விசிட்டிங் கார்டின் பின்பக்கம் தொகையை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் மாமா கேட்ட முதல் கேள்வி: “பாண்டிச்சேரில இவ்ளோ பெரிய கப்பல எங்கம்மா கட்டுவான்? அங்க ஆழம் ஏது?” 2022-இல் அந்த முதல் கப்பல் புதுச்சேரி பக்கம் போய், அரசு அனுமதி கிடைக்காமல் கடலிலேயே நின்றதையும் நினைவுபடுத்தினார். நான் உடனே ஏஜென்டுக்குப் போன் போட்டேன். “அதெல்லாம் இப்ப மாறிடுச்சுக்கா, போட்ல எறக்குவாங்க” என்றான். அதோடு விட்டுவிட்டேன். அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு, ‘டிக்கெட்டை அனுப்பு, ஊர் பெயர் போட்டிருக்கிறதா பார்க்கிறேன்’ என்று அன்றே கேட்டிருந்தால் எல்லாமே அன்றே தெரிந்திருக்கும்.

கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது போன் வந்தது. போர்ட் சார்ஜ் ஏறிவிட்டதாம், ஆளுக்கு 2,000 வீதம் 12,000 ரூபாய் ரொக்கமாக வேண்டுமாம், கொடுத்தால்தான் டிக்கெட் வருமாம். துணிமணி எல்லாம் எடுத்து வைத்தாகிவிட்டது, பிள்ளைகள் ஸ்கூலில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார்கள். கொடுத்தோம். அதற்கு ரசீது கிடையாது. வாட்ஸ்அப்பில் வந்த டிக்கெட்டிலும் முதல் பக்கம் மட்டும்தான் இருந்தது. பெயர், தேதி, நேரம், அவ்வளவுதான்.

ஆகஸ்டில் ஒரு லீவு சேர்ந்த வாரக்கடைசி. எண்ணூர் நெடுஞ்சாலைப் பக்கம் கன்டெய்னர் லாரி நிற்கிற அழகு நமக்குத் தெரியும், அதனால் சீக்கிரமே கிளம்பிப் போய்ச் சேர்ந்துவிட்டோம். கவுன்டரில் ஆதாரைப் பார்த்த பெண், மகளை ஒரு முறை பார்த்தார், கம்ப்யூட்டரை ஒரு முறை பார்த்தார். “இவங்க வயசு 11-ன்னு இருக்கே?” என்றார். என் மகளுக்கு 13. பன்னிரண்டு வயதுக்குள் இருந்தால் அந்தப் பயணத்தில் கட்டணச் சலுகை உண்டாம். எங்களிடம் அவளுக்குப் பெரியவர்கள் கட்டணத்தை வாங்கிக்கொண்டு, அங்கே சின்னக் குழந்தை என்று பதிந்திருக்கிறான். வித்தியாசத்தைக் கட்டினால்தான் ஏற முடியும். 9,800 ரூபாய், கார்டில் கட்டினோம். ஏஜென்ட் போன் எடுக்கவில்லை. அரை மணி நேரம் வரிசைக்கு ஓரமாக நின்றோம். மகள் தான் ஏதோ தப்பு செய்துவிட்ட மாதிரி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். பணம் போனதைவிட எனக்கு அதுதான் இன்னும் ஆறவில்லை.

மேலே போனால் ஒரு ரூம் நாலாவது தளத்தில், இன்னொன்று ஏழாவது தளத்தில் கப்பலின் முன்கோடியில். மகன் ஓடிப் போய்த் திரைச்சீலையை இழுத்தான். அதற்குப் பின்னால் கண்ணாடி. ஜன்னல் கண்ணாடி இல்லை, முகம் பார்க்கிற கண்ணாடி. அவன் முகம்தான் அதில் தெரிந்தது. “கடல் எங்கம்மா?” என்று கேட்டான். இரண்டுமே உள்பக்கத்து ரூம். விளக்கை அணைத்தால் பகலா ராத்திரியா என்றே தெரியாது.

நேரே வரவேற்புக்குப் போய் எங்கள் முன்பதிவு விவரம் முழுவதையும் கேட்டேன். அங்கே இருந்தவர்கள் மரியாதையாகவே பேசினார்கள், எல்லாப் பக்கத்தையும் பிரின்ட் எடுத்துக் கொடுத்தார்கள். முதல் நாளிலிருந்தே உள்பக்கத்து ரூம் என்றுதான் பதிவு. பயணம் சென்னையில் கிளம்பி, நடுக்கடலில் சுற்றிவிட்டு, சென்னைக்கே திரும்புவது. புதுச்சேரி என்ற பெயரே எங்கும் இல்லை. போர்ட் சார்ஜ், சேவைக் கட்டணம், வரி எல்லாம் சேர்த்து ஏஜென்ட் கட்டியது 1,02,600. எங்களிடம் அவன் வாங்கியது 1,44,000. கணக்குப் போட்டுப் பாருங்கள், 41,400 ரூபாய். அந்த 9,800 தனி.

அந்தப் பிரின்டில் இருந்த எந்த விஷயமும் ரகசியம் இல்லை. டிக்கெட் எடுத்த அன்றே முன்பதிவு எண்ணை வாங்கி, கப்பல் கம்பெனியின் சொந்த இணையதளத்திலோ வாடிக்கையாளர் எண்ணிலோ கேட்டிருந்தால் எனக்கே சொல்லியிருப்பார்கள். இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: முன்பணம் கொஞ்சமாகக் கொடுங்கள். முன்பதிவு எண் வந்து, அதை நீங்களே கம்பெனியில் சரிபார்த்த பிறகு மிச்சத்தைக் கொடுங்கள். ரூம் உள்பக்கமா, ஜன்னலா, பால்கனியா என்று பாருங்கள். ரூம் நம்பர் இப்போதே ஒதுக்கியாயிற்றா, இல்லை பின்னால் அவர்களாக ஒதுக்குவார்களா என்று கேளுங்கள். பின்னால் ஒதுக்குகிற வகை விலை குறைவு, ஆனால் குடும்பம் இரண்டு தளத்தில் பிரிந்துவிடலாம். ஒரே ரூமில் மூன்றாவது, நாலாவது ஆளுக்குப் பெரும்பாலும் சுவரிலிருந்தோ கூரையிலிருந்தோ இறங்குகிற மேல்படுக்கைதான், ஏணி வைத்து ஏற வேண்டும். முட்டி வலிக்காரர்கள் இருந்தால் இதை முதலிலேயே யோசிக்க வேண்டும். பெயரும் வயதும் ஆதாரில் இருக்கிற மாதிரியே டிக்கெட்டில் இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். நம் ஆட்களுக்கு இனிஷியல் முன்னால் ஒரு அட்டையில், பின்னால் ஒரு அட்டையில் இருக்கும். அதை ஏஜென்ட் இஷ்டத்துக்கு அடித்துவிடுவார்.

‘எல்லாம் சேர்த்து’ என்ற வார்த்தையை மட்டும் நம்பவே நம்பாதீர்கள். பொதுவான உணவுக்கூடத்தில் சாப்பாடு சேர்ந்திருக்கும். தனி ரெஸ்டாரன்ட், மதுபானம், மசாஜ், இன்டர்நெட், கரையில் இறங்கினால் சுற்றிப் பார்ப்பது, இதெல்லாம் வழக்கமாகத் தனிக் காசு. ரூம் கதவைத் திறக்கிற அட்டையிலேயே செலவும் ஏறும். பிள்ளைகளின் அட்டையில் எதுவும் ஏற்ற வேண்டாம் என்று வரவேற்பில் சொல்லிவைத்தோம். இறங்குவதற்கு முந்தின ராத்திரி கணக்கைக் கேட்டு வாங்கிப் பார்த்தோம். கரை மறைந்ததும் நம் சிக்னல் போய்விடும். சில கப்பல்களில் சாட்டிலைட் நெட்வொர்க்கைப் போன் தானாகப் பிடித்துக்கொள்ளும், அதன் கட்டணம் பயங்கரம். கப்பல் நகர்ந்ததுமே ஏரோப்ளேன் மோடில் போட்டுவிடுங்கள்.

இவ்வளவு சொன்னதால் கப்பலே வேண்டாம் என்று நினைக்காதீர்கள். அந்தச் சாயங்காலம் மாதிரி ஒன்றை நாங்கள் பார்த்ததில்லை.

கிளம்புவதற்கு முன் எல்லோரையும் கூட்டி லைஃப் ஜாக்கெட் போடக் கற்றுக்கொடுத்தார்கள். பலர் சலித்துக்கொண்டு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். மாமா பேரன் பேத்தி இரண்டு பேரையும் முன்வரிசையில் நிறுத்தினார். 2012-இல் இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கான்கார்டியா என்ற கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் செத்துப்போனார்கள். அன்று புதிதாக ஏறிய நூற்றுக்கணக்கானவர்களுக்கு இந்தப் பயிற்சி அதுவரை நடந்திருக்கவில்லை. அதற்குப் பிறகுதான் கிளம்பும் முன்பே, அல்லது கிளம்பிய உடனே நடத்த வேண்டும் என்று விதியை இறுக்கினார்கள். தயவுசெய்து இதைத் தட்டிக் கழிக்காதீர்கள்.

அப்புறம் மாமா எங்களை மேல்தளத்தின் ஓரத்துக்கு அழைத்துப் போனார். டக் படகுகள் இரண்டு கப்பலை இழுத்துத் திருப்பின. வடக்கே காசிமேட்டில் விசைப்படகுகள் நெருக்கியடித்து நின்றன. தெற்கே மெரினா லைட்ஹவுஸ். அலைதடுப்புச் சுவரைத் தாண்டியதும் மாமா பேரனின் தோளைத் தட்டி, “அங்க பாரு, அங்க பாரு” என்றார். கப்பலின் வயிற்றுப் பக்கத்தில் சின்னக் கதவு ஒன்று திறந்திருந்தது. அதிலிருந்து கயிற்றேணி தொங்கியது. ஓடுகிற கப்பலுக்குப் பக்கத்திலேயே ஒரு சின்னப் படகும் அதே வேகத்தில் ஓடியது. ஒரு மனிதர் ஏணியில் இறங்கி, அலை படகை மேலே தூக்குகிற நேரம் பார்த்து, அதில் கால் வைத்தார். ஹார்பர் பைலட். கப்பலை வெளியே கொண்டு வந்து விட்டுவிட்டுத் திரும்பிப் போகிறவர். சுற்றி இருந்த யாருமே அதைக் கவனிக்கவில்லை. மாமா அந்தப் படகு புள்ளியாகும் வரை பார்த்துக்கொண்டே நின்றார். முதல் முறை போகிறவர்கள் கிளம்புகிற நேரத்தில் ரூமில் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருக்காதீர்கள், மேலே வந்து நில்லுங்கள்.

அன்று ராத்திரி அத்தைக்குத் தலைசுற்றல், வாந்தி. முன்கோடியிலும் மேல்தளத்திலும் ஆட்டம் அதிகம், நடுவில் கீழ்த்தளத்தில் குறைவு. ரூமை மாற்றிக்கொண்டு அவர்களை நாலாவது தளத்துக்கு அனுப்பிய பிறகு தூங்கினார்கள். வாந்தி வந்த பிறகு மாத்திரை போட்டால் அவ்வளவாகக் கேட்காது, ஏறும் முன்பே போட வேண்டும். பிரஷர், சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிற பெரியவர்களுக்கு டாக்டரிடம் கேட்டு வாங்கி வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடல் கொந்தளிக்கும். பெரியவர்களோடு போகிறவர்கள் அந்த மாதங்களைத் தவிர்ப்பது நல்லது.

ஊர் திரும்பி ஏஜென்டிடம் போனோம். “கம்பெனிக்காரன் கடைசி நேரத்துல ரூம மாத்திட்டான்கா, நான் இன்னா பண்றது?” என்றான். பிரின்டை மேசை மேல் வைத்தேன். பார்த்துவிட்டு, ஓனர் வந்ததும் பேசுவதாகச் சொன்னான். ஓனர் வரவே இல்லை. 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு நோட்டீஸ் அனுப்பினேன். அது போய்ச் சேர்ந்த நாலாம் நாள் 25,000 ரூபாய் ஜிபேயில் வந்தது, ‘முடிஞ்சிது’ என்று ஒரு வார்த்தையோடு. எனக்கு முடியவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே கொடுக்கலாம், இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும், ஆன்லைனிலும் கொடுக்கலாம். இதுவே போலி இணையதளம், போலி லிங்க் என்று பணம் போயிருந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள்.

என் புகாரோடு இணைத்தவை: கப்பலில் வாங்கிய பிரின்ட், ஜிபே விவரம், வாட்ஸ்அப் பேச்சு முழுவதும், 9,800-க்கான ரசீது, அந்த விசிட்டிங் கார்டு. ரொக்கமாகக் கொடுத்த 12,000-க்கு மட்டும் கையில் ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. ‘காசு வந்துச்சுக்கா, டிக்கெட் அனுப்புறேன்’ என்று அன்று ராத்திரி அவன் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் ஒன்று இருக்கிறது. அதையும் சிடியில் போட்டுக் கொடுத்திருக்கிறேன். விசாரணைத் தேதிக்குக் காத்திருக்கிறோம்.