அரை ஹெச்பி பம்புக்கு சோலார்: பேட்டரி வழியாகவா, நேரடியாகவா?

விவசாய இலவச மின் இணைப்பு உள்ளவர்கள் இந்த அலசலைத் தாண்டிப் போய்விடலாம். இணைப்புக்குக் காத்திருப்பவர்களுக்கும், மின்கம்பம் எட்டாத மூலையில் பத்துத் தென்னை வைத்திருப்பவர்களுக்கும்தான் இந்தக் கேள்வி. இருக்கிற ஏசி மோட்டாரை இன்வெர்ட்டரும் பேட்டரியும் வைத்து ஓட்டுவதா, பேனலோடு நேராக இணையும் டிசி பம்பு வாங்குவதா?

மோட்டார் கையில் இருக்கிறதே என்ற சிக்கனப் புத்தியில் நான் முதலில் போனது பேட்டரி வழி. வீட்டில் மின்விசிறிக்கு இருந்த இன்வெர்ட்டரைத் தோட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போய் மாட்டினேன். சுவிட்சைப் போட்டதும் மோட்டார் ஒருமுறை உறுமியது, இன்வெர்ட்டர் கீச்சிட்டது, எல்லாம் அடங்கிவிட்டது. அரை ஹெச்பி என்றால் 373 வாட்தானே என்று நினைத்ததுதான் பிழை. அது மோட்டாரின் சுழலும் தண்டில் கிடைக்கும் திறன். மின்சாரமாக இழுப்பது 600 வாட்டை ஒட்டி வரும்; கிளம்பும் நொடியில் ஐந்தாறு மடங்கு கரண்ட் கேட்கும். அதைத் தாங்கும் இன்வெர்ட்டர் வாங்கினால் அதற்குப் பெரும்பாலும் இரண்டு பேட்டரி. 12 வோல்ட், 150 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரியில் 1.8 யூனிட் இருக்கிறது என்பார்கள். நெடுநாள் உழைக்க வேண்டுமானால் பாதிக்கு மேல் எடுக்கக் கூடாது. அதாவது இன்வெர்ட்டர் இழப்பும் போக, ஒரு பேட்டரிக்கு ஒன்றேகால் மணி நேர ஓட்டம். நாலைந்து வருடத்தில் பேட்டரியை மாற்றவும் வேண்டும்.

இன்னொரு பக்கம் கணக்கைப் பாருங்கள். 1000 லிட்டர் தண்ணீரைப் பத்து மீட்டர் ஏற்ற இயற்பியல் கேட்பது வெறும் 27 வாட்-மணி. பம்பு, குழாய் இழப்பெல்லாம் சேர்த்து நான்கு மடங்கு என்று வைத்தாலும் பத்தில் ஒரு யூனிட்தான். பகலில் தொட்டியை நிரப்பிவிட்டால் இரவுக்குத் தண்ணீர் தயார். மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் வேலையே இல்லை. நேரடி டிசி பம்பின் பலம் அதுதான். பிரஷ் இல்லாத மோட்டார், ஒரு கன்ட்ரோலர், 330 வாட் பேனல் இரண்டு. கன்ட்ரோலர் மோட்டாரை மெதுவாகக் கிளப்புவதால் அந்த உறுமல் கிடையாது. (12 வோல்ட் பிரஷ் பம்புகள் மலிவுதான். கார்பன் தேய்ந்து தேய்ந்து மாற்ற வேண்டியிருக்கும். அலங்கார நீரூற்றுக்குப் போதும்.)

டிசி பம்பில் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. மேகம் ஒன்று கடந்தால் குழாய் முனையில் தண்ணீர் வளைந்து விழுந்த இடம் சட்டென்று காலடிக்கு வந்துவிடும். இறக்கைச் சக்கரம் சுற்றித் தண்ணீரைத் தள்ளும் வழக்கமான பம்பில் வெயில் பாதியானால் வேகம் ஐந்தில் நான்காகத்தான் குறையும், ஆனால் ஏற்றும் உயரம் 63 சதவீதத்துக்குச் சரிந்துவிடும். பெட்டியில் ‘அதிகபட்சம் 50 மீட்டர்’ என்று போட்ட பம்பு, மூட்டமான நேரத்தில் 31 மீட்டரோடு நின்றுவிடும். உங்கள் போர்வெல்லில் தண்ணீர் 35 மீட்டரில் இருந்தால் மோட்டார் சுற்றும், சொட்டு வராது. கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார், என்னிடமும் சொல்லவில்லை. தேவையைப்போல் ஒன்றே முக்கால் மடங்கு உயரம் காட்டும் பம்பாகப் பார்த்து வாங்குங்கள். ஆழமான போரில் கொஞ்சத் தண்ணீர் போதும் என்பவர்களுக்கு, ரப்பர் உறைக்குள் திருகு போன்ற தண்டு சுழன்று தண்ணீரைத் தள்ளும் ஸ்க்ரூ பம்பு பொருந்தும். மங்கிய வெயிலில் தண்ணீர் குறையுமே தவிர நிற்காது. மணல் வரும் போர் என்றால் அதன் ரப்பர் தேய்ந்துபோகும், கிட்டே போகாதீர்கள்.

பேட்டரி இல்லாமல் விஎஃப்டி (மின்சாரத்தின் அதிர்வெண்ணை மாற்றி மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) மூலம் பழைய மோட்டாரையே ஓட்டலாமே என்பார்கள். மும்முனை மோட்டாருக்குச் சரி. கெப்பாசிட்டர் வைத்த ஒருமுனை மோட்டாருக்கு ஒத்துவராது, சிறிய மோட்டார்களில் பெரும்பாலானவை அந்த வகைதான்.

தொட்டி வைக்க இடமில்லாமல் இரவில்தான் தண்ணீர் வேண்டும் என்பவர்களுக்கு மட்டுமே பேட்டரியைச் சொல்வேன். நான் டிசிக்கு மாறிய பிறகு ஐப்பசி அடைமழை மூன்று நாள் பிடித்துக்கொண்டது, வெயிலில்லாமல் பம்பு ஓடாததால் மாட்டுத்தொட்டி காய்ந்துவிட்டது. பக்கத்தில் 2000 லிட்டர் தொட்டி இன்னொன்று வைத்தேன். இரண்டு பேட்டரியின் விலையைவிடக் குறைவாகத்தான் ஆயிற்று.