மலைக்கு ஓடுற வண்டிக்கு வீல், டயர் மாத்தப் போறவங்க கவனத்துக்கு: ₹1,18,000 போச்சு

ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம் ரூபாய். அதை வாங்கிக்கிட்டு, என் வண்டிக்கே சேராத நாலு அலாய் வீலையும், பேசினது ஒண்ணு போட்டது ஒண்ணுன்னு நாலு டயரையும் மாட்டி அனுப்பிட்டாங்க. கோபம் அடங்காமத்தான் எழுதுறேன், முன்னப்பின்ன இருந்தா பொறுத்துக்கங்க.

கடை பேரைக் கேட்காதீங்க. நுகர்வோர் ஆணையத்துக்குப் போறேன், அது முடியிற வரைக்கும் சொல்ல மாட்டேன். 4×4 வண்டிகளுக்குன்னே வீடியோ போட்டுப் பேர் வாங்கின, நகரத்துப் பெரிய டயர்-அலாய் கடை. அவ்வளவுதான்.

என் வண்டி இசுசு வி-கிராஸ் பிக்கப். தாண்டிக்குடிப் பக்கம் காபியும் மிளகும் போட்டிருக்கோம். வத்தலக்குண்டுல இருந்து பெரும்பாறை ஏறி, தார் ரோடு முடிஞ்சதுக்கு அப்புறம் தோட்டம் வரைக்கும் கல்லும் சேறும்தான். எரு மூட்டை ஏறும், மலைவாழைத் தார் இறங்கும். ஐப்பசி மழையில அந்தப் பாதையைப் பார்த்தவங்களுக்குத் தெரியும். கம்பெனி கொடுத்த 255/60 ஆர்18 டயர் (அகலம் 255 மில்லிமீட்டர், சுவர் உயரம் அதுல 60 சதவீதம், வீல் 18 இன்ச்) ரோட்டுக்கு நல்லா இருந்துச்சு. ஆனா பக்கச் சுவர் உயரம் கம்மி, கல்லுல அடிச்சா ரிம்முக்கே அடி விழும். அதனால 17 இன்ச் வீலுக்கு இறங்கி, சுவர் உயரமான, கனமான ஏ.டி. (ஆல் டெரெய்ன், தார் ரோடு, மண் பாதை ரெண்டுக்குமான) டயர் போடணும்னு முடிவு பண்ணினேன். இந்த மாதிரிப் பாதைக்கு அந்த முடிவு சரியானதுதான், இப்பவும் அதையேதான் சொல்வேன்.

கடையில உட்கார வச்சு டீ கொடுத்தாங்க. நானும் சும்மா போகலை, தோட்டத்துப் பாதையை மொபைல்ல எடுத்துட்டுப் போய்க் காட்டினேன். சேல்ஸ்ல இருந்த பையன் அதை முழுசாப் பார்த்தான். "அண்ணே, இதுக்கு 265/70 ஆர்17, எல்.டி. (லைட் டிரக், லோடு வண்டிக்கான) டயர், பத்து பிளை, லோடு இண்டெக்ஸ் (டயர் தாங்குற எடைக்கான எண்) 121. கண்ணை மூடிட்டுப் போடுங்க. நானே மலைக்காரன்தான்ணே, எங்க அப்பாவும் ஜீப்தான் ஓட்டினாரு"ன்னு சொன்னான். அந்த ஒரு வார்த்தையிலதான் மனசு இறங்கிடுச்சு. கல்லுப் பாதையில லோடு ஏத்தி இறக்குற கஷ்டம் தெரிஞ்ச பையன், நம்மளை விட மாட்டான்னு தோணுச்சு. முதலாளியும் வந்து தோள்ல கை போட்டு, "உங்க வண்டி இனிமே என் பொறுப்பு சார்"ன்னாரு. கணக்கு இதுதான்: டயர் நாலும் 62,000, அலாய் நாலும் 72,000, நட்டு, ஃபிட்டிங், அலைன்மெண்ட் 6,000. என் பழைய அலாயும் டயரும் எக்ஸ்சேஞ்சுல 22,000. மிச்சம் 1,18,000-ஐ அங்கேயே அனுப்பினேன். பில் கேட்டேன். "சிஸ்டம் ஸ்லோ சார், சாயந்திரம் வாட்ஸ்அப்புல வந்துடும்"னாங்க. வந்தது பில் இல்லை, எஸ்டிமேட். அதுலயும் டயர் சைஸ் மட்டும்தான், எல்.டி.ன்னும் இல்லை, 121-ம் இல்லை.

நாலு வழிச்சாலையில 70 தாண்டினதுமே ஸ்டீயரிங் உதற ஆரம்பிச்சது. போன் போட்டா, "புது டயர் சார், 500 கிலோமீட்டர் ஓடினா செட் ஆயிடும்." ஓட்டினேன். உதறல் கூடுச்சு. ஸ்டீயரிங்கை முழுசா ஒடிச்சா டயர் மட்கார்டுல உரசுது. "லைனரை லேசா வெட்டிட்டாப் போதும் சார்." அப்புறம் ஒரு நாள் மூட்டையோட மேல ஏறுறப்போ, வழக்கமா ஏறுற அதே கல்லுல, பின் டயரோட பக்கச் சுவர் நீளமாக் கிழிஞ்சு உட்கார்ந்துடுச்சு. பஞ்சர் போட முடியாத இடம். ஸ்டெப்னி மாத்தி வத்தலக்குண்டுக்கு வந்தேன்.

அங்க எங்க மெக்கானிக் வீலைக் கழட்டிப் பார்த்துட்டு, "அண்ணே, இது உங்க வண்டி வீலே இல்லையே"ன்னாரு. இசுசுவுக்கும் டொயோட்டா ஃபார்ச்சூனருக்கும் பி.சி.டி. (போல்ட்டெல்லாம் நிக்குற வட்டத்தோட விட்டம்) ஒண்ணுதான், ஆறு போல்ட், 139.7 மில்லிமீட்டர். அதனால மாட்டினா ஏறிடும். ஆனா நடு ஓட்டை வேற. அந்த ஓட்டைக்குள்ள உட்கார்ற இசுசுவோட ஹப் 100.1 மில்லிமீட்டர். எனக்கு மாட்டினது டொயோட்டா அளவுக்குத் துளைச்ச 106.1. ஆறு மில்லிமீட்டர் ஆட்டம். இடைவெளியை நிரப்புற ஹப் ரிங்கும் போடலை. சரிவு நட்டு (முனை கூம்பா இருக்குறது) ஒழுங்கா உட்கார்ந்தா அதுவே வீலை நடுவுல பிடிச்சுக்கும்னு சொல்வாங்க, சரி. ஆனா இவங்க முறுக்கின நட்டோட சரிவும் வீல் குழியோட சரிவும் சேரவே இல்லை. ஒரு வீல்ல ரெண்டு நட்டைக் கையாலயே திருக முடிஞ்சது. பெரும்பாறை வளைவுல என் பொண்ணை முன்சீட்ல உட்கார வச்சு இறங்கியிருக்கேன் இந்த வீலோட. அதை நினைச்சாத் தூக்கம் வரலை.

ஆஃப்செட், அதாவது வீலோட நடுக்கோட்டுல இருந்து ஹப்புல உட்கார்ற முகம் எவ்வளவு தள்ளி இருக்குங்கற அளவு, மைனஸ் 12 மில்லிமீட்டர். கம்பெனி வீல் பிளஸ்ல இருக்கும். வீல் அவ்வளவு வெளிய தள்ளி நிக்குது. அதான் உரசல், பேரிங்குக்கும் கூடுதல் இழுப்பு. வீலோட பின்பக்கத்தைத் திருப்பினா எவ்வளவு எடை தாங்கும்ங்கற எண்ணே இல்லை, ஜே.டபிள்யூ.எல்.ங்கற ஜப்பான் அலாய் வீல் தர முத்திரையும் இல்லை. இந்த வீலுக்கு 72,000 ரூபாய்!

டயருக்கு வர்றேன். சுவர்ல எல்.டி. எழுத்தே கிடையாது. லோடு இண்டெக்ஸ் 115. அதாவது ஒரு டயருக்கு 1215 கிலோ. 121-ன்னா 1450 கிலோ. பத்து பிளைன்னா உள்ளே பத்து அடுக்கு இருக்குன்னு அர்த்தம் இல்லை, அது பலத்தைச் சொல்ற பழைய கணக்கு, இப்போ லோடு ரேஞ்ச் ஈ-ன்னு போடுவாங்க. எனக்குக் கொடுத்தது சாதாரண கார், ஜீப் டயர், மேலே மட்டும் முரட்டுப் பட்டன். டயர் சுவர்ல இருக்குற டி.ஓ.டி.ங்கற எழுத்துக்கு அப்புறம் வர்ற கடைசி நாலு எண்ணைப் பாருங்கன்னாரு மெக்கானிக். ஒண்ணுல 3119. அப்படின்னா 2019-ம் வருஷம் 31-வது வாரம் செஞ்சது. இன்னொண்ணுல அந்த இடத்தையே தேய்ச்சு எடுத்திருக்காங்க. புதுசுன்னு சொல்லி வித்த டயர் இது.

இதுக்கப்புறம் அந்தக் கடை பேசின பேச்சைக் கேளுங்க. "115-ஏ உங்க கம்பெனி டயரை விட ஜாஸ்திதானே சார், அது 112 தானே." ஆமா, ஜாஸ்திதான். நான் காசு கொடுத்தது 121-க்கும் கல்லு தாங்குற சுவருக்கும்தானே, 115-க்கு இல்லையே? "சைடு கட் வாரண்டியில வராது சார்." வாரண்டியை யார் கேட்டா, சொன்ன டயரைக் கொடுங்கறேன். "ஹப் ரிங் கொரியர்ல அனுப்புறோம்." இன்னைக்கு வரைக்கும் வரலை. "முதலாளி மாலை போட்டு மலைக்குப் போயிருக்காரு." அன்னைக்குச் சாயந்திரமே அவர் கடையில நின்னு புது வீடியோ போட்டிருக்காரு. கீழே நான் எழுதின கமெண்டை அழிச்சிட்டாங்க. நானே மலைக்காரன்தான்னு சொன்ன பையன் என் நம்பரை பிளாக் பண்ணிட்டான். சரி, என் பழைய வீலையும் டயரையுமாவது திருப்பிக் கொடுங்க, காசை அப்புறம் பேசிக்கலாம்னு இறங்கிப் போனேன். "அதை அன்னைக்கே வித்தாச்சு சார்." சிரிச்சுக்கிட்டே சொல்றாங்க. என்கிட்ட இப்போ மலைக்குப் போக வீலும் இல்லை, 1,18,000 ரூபாயும் இல்லை. அறுவடை நேரத்துல வாடகை ஜீப்புக்கு அழுதுக்கிட்டு இருக்கேன்.

வீல், டயர் எப்படித் தேர்ந்தெடுக்கணும்னு முழுசா எழுதணும்னுதான் உட்கார்ந்தேன். இப்போ முடியலை, முக்கியமானதை மட்டும் சொல்றேன்.

பி.சி.டி. சேருதுன்னு சொன்னா நம்பாதீங்க. நடு ஓட்டை, ஆஃப்செட், நட்டோட சரிவு மூணையும் எழுதி வாங்குங்க. வீலுக்குப் பின்னாடி எடை எண் இல்லைன்னா கையிலயே தொடாதீங்க. கனமான வண்டிக்கு ஒரு வீல் ஆயிரம் கிலோவாவது தாங்கணும்.

டயரை மாட்டுறதுக்கு முன்னாடி நாலு டயர்லயும் எல்.டி., லோடு இண்டெக்ஸ், வாரம்-வருஷம் எண் எல்லாத்தையும் போட்டோ எடுங்க. வருஷ எண் இருக்குற பக்கத்தை உள்பக்கமாத் திருப்பி மாட்டிடுவாங்க, அப்புறம் குனிஞ்சாலும் தெரியாது. எல்.டி. டயருக்குக் காத்தும் கூடுதலா வைக்கணும், பழைய அளவே போதும்னு எவனாவது சொன்னா அந்தக் கடையை விட்டு வெளிய வந்துடுங்க.

டயர் உயரம் கூடினா ஸ்பீடோமீட்டர் வேகத்தைக் குறைச்சுக் காட்டும். எனக்கு டயர் உயரம் 763 மில்லிமீட்டர்ல இருந்து 803 ஆயிடுச்சு, மீட்டர்ல 80-ன்னா நிஜத்துல 84. கடையில ஒருத்தரும் சொல்லலை.

பழைய செட்டை எக்ஸ்சேஞ்சுல கொடுக்கவே கொடுக்காதீங்க. புதுசு லோடோட ஓடிப் பார்க்குற வரைக்கும் வீட்டுல கிடக்கட்டும்.

பில் வராம வண்டியை எடுக்காதீங்க. பில் கொடுக்காததும், குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுக்கறதும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வியாபாரம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் பண்ணிப் புகார் பதிஞ்சிருக்கேன். 5 லட்சம் வரைக்குமான வழக்குக்கு மாவட்ட ஆணையத்துல கட்டணம் கிடையாது. பணம் அனுப்பின ரசீது, எஸ்டிமேட், வாட்ஸ்அப் பேச்சு, கிழிஞ்ச டயர், தேய்ச்ச எண்ணோட போட்டோ எல்லாம் எடுத்து வச்சிருக்கேன். மெக்கானிக்கும் எழுதிக் கொடுக்கறேன்னு சொல்லியிருக்காரு. திண்டுக்கல் பக்கம் இதே மாதிரி வழக்கு நடத்தினவங்க யாராவது இருந்தா எனக்கு மெசேஜ் பண்ணுங்க, திங்கட்கிழமை வக்கீலைப் பார்க்கப் போறேன்.