கோத்தகிரி நடைவழிகள்: எட்டு வருசம் நடந்த பிறகு எழுதுவது

போன வாரம் மேட்டுப்பாளையத்தில் ஷூவைத் தைக்கக் கொடுத்தேன். இடது ஷூவின் முன்பக்கம் சோல் வாயைப் பிளந்துவிட்டது. தைக்கிறவர் இரண்டையும் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, "எறங்கறப்ப ரொம்ப ஊனி எறங்குவீங்களாட்ட இருக்குதுங்ணா. குதிங்கால் பக்கம் ரண்டும் கரைஞ்சு போச்சு பாருங்க" என்றார். அன்று சாயங்காலமே திருப்பூர் நண்பன் கூப்பிட்டான். "மாப்ள, அம்மாவக் கூட்டிட்டு கோத்தகிரி போறோம். மேடு ஏறாம லேசா நடக்கற மாதிரி ஒரு எடம் சொல்லு." போனில் சொல்லி முடிகிற விஷயமாக இல்லை. அதனால் எழுதுகிறேன்.

எட்டு வருசமாக, மாதம் ஒருமுறையாவது அங்கே போய் நடந்துவிட்டு வருகிறேன். பஸ் எது, ரூம் எங்கே, வர்க்கி எந்தக் கடையில் நன்றாக இருக்கும் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். நான் சொல்ல வந்தது வேறு. அந்த ஊரில் "எளிது" என்று எந்த நடைவழியைச் சொன்னாலும், போவதற்கு எளிதா, வருவதற்கு எளிதா என்று ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்.

நம்ம பக்கத்து மலைகளில் பழகிய கால் இதில் ஏமாந்துவிடுகிறது. சென்னிமலைக்கு 1320 படி, மருதமலைக்கு 837 படி. காலையில் தெம்பு இருக்கும்போதே ஏறிவிடுகிறோம். சாமி கும்பிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, அசந்த காலோடு இறங்கி வந்துவிடலாம். நடுவில் முடியவில்லை என்றாலும் பயமில்லை, திரும்பினால் இறக்கம்தான். கோத்தகிரியில் இது அப்படியே தலைகீழ். ஊரே சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஏற வேண்டியதையெல்லாம் பஸ் ஏறிவிடுகிறது. நடை மேலே தொடங்குகிறது. அருவி, ஓடை, பள்ளத்தாக்கு எல்லாம் கீழே. போகும்போது கால் தன்னால் போகும், பேச்சு சிரிப்பெல்லாம் வரும். ஏற்றம் முழுக்கத் திரும்பும்போது காத்திருக்கும். அதற்குள் பாட்டிலில் தண்ணீர் தீர்ந்து வெயிலும் ஏறியிருக்கும். பாதியில் திரும்பினாலும் ஏறித்தான் ஆகவேண்டும்.

இதை நான் கற்றது அம்மாவை வைத்து. அதை நினைத்தால் இன்னும் கோபம் ஆறவில்லை. இரண்டு வருசம் முன்னால் தங்கிய இடத்தில் ஒரு தாள் கொடுத்தார்கள். கேத்தரின் அருவிப் பாதைக்கு நேராக "எளிது, ஒரு கிலோமீட்டர், குடும்பத்தோடு செல்லலாம்" என்று போட்டிருந்தது. அரவேணுவில் இறங்கி, தேயிலைத் தோட்டம் வழியாக அருவியின் தலைப்பக்கம் ஓடுகிற ஓடைக்குப் போகிற வழி. இரண்டு பக்கமும் இடுப்பளவு தேயிலை, நடுவில் ஓர் ஆள் போகிற தடம். "நம்மூரு இட்டேரியாட்டவே இருக்குது கண்ணு" என்று அம்மா முன்னால் நடந்தார். கச்சாயப் பொட்டலத்தை என்னிடம் தரவே மாட்டேன் என்று கையிலேயே வைத்திருந்தார். நாற்பது நிமிசத்தில் ஓடைக்குப் போய்விட்டோம். தண்ணீருக்குள் இறங்கவில்லை, ஓரமாகவே உட்கார்ந்திருந்தோம். அங்கே யாரும் இறங்க வேண்டாம்; அதே தண்ணீர்தான் கொஞ்சம் தள்ளி 250 அடி கீழே விழுகிறது.

திரும்பும்போது மூன்றாவது திருப்பத்தில் அம்மா உட்கார்ந்துவிட்டார். பேச்சில்லை. உதடு வறண்டு, ஒரு கை இடுப்பில், இன்னொரு கையில் அந்தப் பொட்டலம். தேயிலைக் காட்டில் நிழல் என்றால் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கிற சில்வர் ஓக் மரம்தான், அது முதுகை மறைத்தால் தலையை மறைக்காது. மேல் வரிசையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஓர் அம்மா பையை இறக்கி வைத்துவிட்டு வந்தார். முதலில் தன் தண்ணீரைக் கொடுத்தார். பிறகு அம்மாவின் கையில் ஒரு குச்சியைக் கொடுத்து, "நேரா ஏறாதீங்கம்மா. கோணக்கோணையா ஏறுங்க. குதிங்கால் முழுசா தரையில படியணும்" என்று சொல்லி, தானே நாலு எட்டு நடந்து காட்டினார். வலப்பக்கம் சாய்ந்து ஆறு அடி, நின்று ஒரு மூச்சு, இடப்பக்கம் சாய்ந்து ஆறு அடி. சரிவில் குறுக்கே போனால் மேடு படுத்துக்கொள்கிறது, கெண்டைக்கால் இழுக்காது. நாள் முழுக்க முதுகில் பாரத்தோடு அந்தச் சரிவில் நிற்கிறவர் சொன்னது. இறங்க நாற்பது நிமிசம் ஆன வழியை ஏறி முடிக்க ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. ஏறி வந்ததும் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போய், தங்கிய இடத்தில் கேட்டேன். "எல்லாரும் போயிட்டு வர்றாங்க சார்" என்றார்கள். எல்லாரும் என்றால் யார்? அறுபத்து நாலு வயது முழங்காலை அந்த எல்லாரில் சேர்த்தார்களா?

இறக்கத்தையும் லேசாக நினைக்க வேண்டாம். இறங்கும்போது முன்தொடைச் சதை உடம்பைப் பிடித்து நிறுத்திக்கொண்டே நீள்கிறது. அதன் வலி அன்றைக்குத் தெரியாது, அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை நடந்தவர் செவ்வாய்க்கிழமை மாடிப்படி இறங்கும்போது நினைத்துக்கொள்வார். கட்டைவிரல் நகம் ஷூவின் முன்னால் இடித்து இடித்துக் கறுக்கும். எனக்கு இரண்டு முறை நகம் விழுந்து முளைத்திருக்கிறது. நகத்தை ஒட்ட வெட்டிவிட்டு, இறங்கும் முன் கணுக்கால் பக்கம் ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டால் போதும்.

நண்பன் கேட்டதற்கு நேரான பதில் லாங்வுட் சோலை. ஊரிலிருந்து பக்கம். உள்ளே மேடு பள்ளம் இல்லாமல் இல்லை, ஆனால் மூச்சு வாங்க வைக்கிற நீண்ட ஏற்றம் கிடையாது. எட்டு வருசத்தில் அந்தக் காடு ஒரு தடவைகூட என்னை ஏமாற்றியதில்லை. வெளியே தேயிலை வெயிலில் பளபளக்கும்; உள்ளே நாலு எட்டு வைத்ததும் கண் பழக ஒரு நிமிசம் ஆகும். தரை முழுக்க மக்கிய இலை. கால் வைத்தால் மெத்தை மாதிரி அமுங்கி, எடுத்ததும் மெல்ல எழும்பும். பெய்கிற மழையையெல்லாம் அந்த மக்குதான் குடித்து வைத்துக்கொண்டு, கோடையில் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. சுற்றியிருக்கிற சிற்றூர்களுக்குக் குடிதண்ணீர் அங்கிருந்துதான். மொத்தமே 116 ஹெக்டேர். 2024 ஜனவரியில் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்த்தார்கள். ஒருமுறை மரப்பெரணிக்குக் கீழே உட்கார்ந்திருந்தபோது நீலகிரிச் சிரிப்பான் கூட்டம் ஒன்று தலைக்கு மேலே அப்படிக் கத்தியது. அம்மா நிமிர்ந்து பார்த்து, "யாரப்பா அது சிரிக்கறது" என்று கேட்டார். பறவை என்று சொன்ன பிறகும் நம்பவில்லை.

வனத்துறை அனுமதி வாங்கித்தான் போகவேண்டும், ஆள் கூட வருவார். இதை இடைஞ்சல் என்று சொல்கிறவர்களோடு எனக்கு ஒத்துவராது. 2018 மார்ச்சில் தேனிப் பக்கம் குரங்கணிக் காட்டுத் தீயில், மலையேறப் போன 23 பேர் உயிர் போனதைப் பார்த்த பிறகும் அப்படிப் பேசக்கூடாது.

கன்னேரிமுக்கு வரலாறு பிடித்தவர்களுக்கு. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-இல் மலையேறி வந்து தங்கிய பக்கம் அது, அவர் வீடு இப்போது அருங்காட்சியகம். 1820களின் தொடக்கத்தில் சிறுமுகையிலிருந்துதான் இங்கே முதல் பாதை போட்டார்கள் என்பதில் எங்கள் பக்கத்துக்காரர்களுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. கோடநாடு காட்சிமுனைக்கு வண்டியே போய்விடும், நடை என்று சொல்ல ஒன்றுமில்லை. குன்னூர்ப் பக்கம் பக்காசுரன் மலைக்கோட்டையை எளிது என்று யாராவது சொன்னால், அம்மாவை வைத்துக்கொண்டு நம்ப வேண்டாம்.

ஊட்டிக்கு மேற்கே ஆடியில் மழை என்றால், கோத்தகிரிக்கு ஐப்பசி கார்த்திகையில்தான் நல்ல மழை. அப்போது சோலையில் அட்டை ஏறும். சுண்ணாம்போ உப்போ கையில் இருக்கட்டும். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மாவட்டம் முழுக்கத் தடை, எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோங்கள். விடியற்காலையில் தேயிலைக்குள் இறங்க வேண்டாம், காட்டெருமை நிற்கும். நின்றால் போட்டோ எடுக்காமல் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

ஆக, மாப்ள, நீ லாங்வுட் போ. கணக்குப் போட்டுப் பார்த்தால் அதுதான் நல்ல இடம், எல்லாவற்றிலும். கேத்தரின் பக்கம் அம்மாவைக் கூட்டிப் போகவே போகாதே.

நான் இந்த ஞாயிற்றுக்கிழமை அங்கேதான் போகிறேன், அம்மாவோடு. ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். லாங்வுட் போகலாம் என்றால், "அது பாத்தாச்சு சாமி. அந்தப் புள்ளைக்குக் குச்சியத் திருப்பிக் குடுக்கோணும்" என்கிறார். குச்சி இரண்டு வருசமாக எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது. ஷூ வெள்ளிக்கிழமை கிடைக்கும். குதிங்காலுக்குப் புது ரப்பர் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.