ஒன்றரை வருஷம் கயிறு இழுத்த வண்டியும் ஒரு பாழாய்ப்போன ஸ்பிரிங்கும்

ஆத்தூர் நண்பர் நேற்று போன் போட்டார். "நீங்க வாங்குன அந்த ரோபோ கிட்டு 400 ரூபா இறங்கியிருக்குங்க, பையனுக்கு வாங்கிடட்டுமா?" வேறொரு நாள் கேட்டிருந்தால் யோசிக்காமல் வாங்கச் சொல்லியிருப்பேன். நேற்றோ, மகளும் நானும் ரோபோ கயிறு இழுக்கும் போட்டிக்குக் கொண்டுபோகும் அந்த வண்டியின் பேட்டரிப் பெட்டியை மூன்றாம் முறையாகக் கழற்றி மேசைமேல் பரப்பி வைத்திருந்தேன்.

உள்ளே இருப்பது எல்லாருக்கும் தெரிந்த சாமான்தான். வண்டிக்கு மூளையாக ஆர்டுயினோ ஊனோ என்கிற போர்டு, அது சொல்வதைக் கேட்டு மோட்டாருக்குக் கரண்ட் விடும் சிவப்பு எல்298என் டிரைவர், பொம்மை வண்டிகளில் வரும் மஞ்சள் பிஓ மோட்டார் நாலு, திரும்பத் திரும்ப சார்ஜ் போடும் 18650 லித்தியம் செல் இரண்டு. டிரைவர் தன் பங்குக்கு சுமார் 2 வோல்ட்டை விழுங்கிவிட்டு மீதியைத்தான் மோட்டாருக்கு விடும். மோட்டாருக்குள் பிளாஸ்டிக் பல்சக்கரம். ஒரு தடவை பல் போனது, வேறு மோட்டார் போட்டாயிற்று. இதெல்லாம் அந்த விலைக்கு நியாயம்தான்.

என் ஆத்திரம் முழுக்க பேட்டரிப் பெட்டிமேல். செல்லின் அடியில் உட்காரும் ஸ்பிரிங் கொலுசுத் திருகாணி கனம்கூட இல்லை. வண்டி ஓடும்போது ஒன்றும் தெரியாது. கயிறு இறுகிச் சக்கரம் நின்றுவிட்டால் ஒவ்வொரு மோட்டாரும் ஒரு ஆம்பியர் அளவுக்குக் கரண்ட் கேட்கும். நாலும் சேர்ந்து இழுக்கும்போது ஸ்பிரிங் சூடாகித் தளர்ந்துவிடும். அப்புறம் எதிராளியின் வண்டி கயிற்றை ஒரு வெட்டு வெட்டி இழுத்தால் போதும், கண் இமைக்கும் நேரம் கரண்ட் அறுந்து ஊனோ ரீசெட் ஆகி, புரோகிராமை முதலிலிருந்து ஓட்ட ஆரம்பித்துவிடும்.

ஏற்காட்டில் ஒரு பள்ளியில் போட்டி. 20 கொண்டை ஊசி வளைவுக்கும் மகள் வண்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள், ஒரு வளைவில் வாந்தியும் எடுத்தாள், வண்டியை விடவில்லை. இரண்டாவது சுற்றில் கோட்டைத் தொட நாலு விரற்கடை இருக்கும்போது எங்கள் வண்டி அப்படியே நின்றது. விசில் ஊதி மூன்று நொடி பொறுத்துத்தான் கிளம்ப வேண்டும் என்பது விதி. அதற்காக புரோகிராமில் முதலில் ஓடும் செட்டப் பகுதியில் நான்தான் டிலே 3000, அதாவது 3000 மில்லிநொடி பொறு என்று எழுதியிருந்தேன். ரீசெட் ஆனதும் அது முதலிலிருந்து எண்ண ஆரம்பித்துவிட்டது. எதிர் வண்டி எங்களைத் தரதரவென்று இழுத்துப் போன பிறகு மூன்று நொடி முடிந்து நம்ம வண்டி வீரமாகக் கிளம்பியது. "அப்பா, அது தூங்கிடுச்சா?" என்றாள். பாதித் தப்பு என் புரோகிராமில் என்பதை ஒத்துக்கொள்கிறேன். மீதிப் பாதி அந்த ஸ்பிரிங்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இதே வண்டி எனக்குக் கற்றுக்கொடுத்தது எந்த டியூஷனிலும் கிடைக்காது. புரோகிராமில் மோட்டார் வேகத்துக்கு 0 முதல் 255 வரை எண் கொடுக்கலாம், எடுத்த எடுப்பில் 255 கொடுத்தால் சக்கரம் வழுக்கிச் சுற்றும். வழுக்க ஆரம்பித்த சக்கரத்துக்குப் பிடி குறைவு. 90-இல் தொடங்கி ஒரு நொடிக்குள் ஏற்றினால் தரையைக் கவ்விக்கொண்டு நகரும். கயிறு மாட்டும் கொக்கியை எதிராளியின் கொக்கியைவிடக் கொஞ்சம் உயரத்தில் வைத்தால், சாய்வாக ஓடும் கயிறு நம் வண்டியைத் தரையோடு அழுத்தும், அவன் வண்டியைத் தூக்கும். ரொம்ப உயர்த்தினால் நம் மூக்கு மேலே கிளம்பிவிடும். அதற்கு லேத் பட்டறையில் வாங்கிய இரும்புத் துண்டுகளை முன்பக்கம் கட்டினோம். எடை வரம்பு 1 கிலோ. செவ்வாப்பேட்டையில் மச்சானின் வெள்ளிப் பட்டறைத் தராசில் வைத்துப் பார்த்தோம்: 991.4 கிராம். "கொலுசு எடை போடுற தராசுல கார் பொம்மையா!" என்று சலித்துக்கொண்டே மச்சானே ஒரு நட்டை எடுத்து மேலே வைத்தார்.

டயர்தான் எதிர்பாராத சந்தோஷம். கிட்டோடு வந்தது டைல்ஸ் தரையில் வெண்ணெய் மாதிரி வழுக்கும். சைக்கிள் கடையில் பழைய டியூபை வளையமாக நறுக்கிச் சக்கரத்தின்மேல் இழுத்து மாட்டினேன். கடைக்காரர் காசு வாங்கவில்லை. ஒவ்வொரு சுற்றுக்கு முன்னும் ஈரத்துணியால் துடைத்து, ஈரம் காய்ந்த பிறகு இறக்க வேண்டும். பிடித்தால் உடும்புதான்.

பேட்டரிப் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு, ரிப்பேர் கடையில் நிக்கல் பட்டை வைத்து வெல்டிங் அடித்த செல் ஜோடி வாங்கியிருக்கிறேன். அதற்கு ஆன செலவு, விலையில் இறங்கிய 400-ஐத் தாண்டிவிட்டது. இதை முதலிலேயே கொடுத்திருந்தால் யார் குடி முழுகியிருக்கும்?

அதனால் நண்பருக்கு, வாங்காதீங்க என்று சொல்லிவிட்டேன். இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த மகள், தனியாக நின்று எதை இழுத்துப் பழகுவது, எதிரே ஒரு வண்டி வேண்டாமா என்று பிடித்துக்கொண்டாள். இன்னொரு கிட்டுக்கு ராத்திரியே ஆர்டர் போட்டாயிற்று. இது நண்பருக்குத் தெரிய வேண்டாம்.